காரணம் இல்லாத நாற்பது

அத்தியாயம் 6

"அந்தப் பொண்ணுதான் ஆர்டரை ரத்து பண்ணிச்சுன்னு எழுதிக் கொடுத்துடுங்க மேடம். போன தடவை மாதிரியே, ஒரே பக்கம் போதும்" என்றார் மேலாளர்.

அவர் மேஜைமேல் வேலைநீக்கக் கடிதம் தயாராகக் கிடந்தது. தேதி போட்டாயிற்று, கையெழுத்து மட்டும் பாக்கி. "அஞ்சு மணிக்குக் கூப்பிட்டுக் கொடுத்துடலாம்னு இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மணி பத்தேகால்.

போன தடவை. அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் உட்கார முடியவில்லை. வீட்டிலேயே படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் நிறுவனம் இது. நான்கு மாதத்துக்கு முன்பு மூன்று சிலிண்டர்கள் போக வேண்டிய வீடுகளுக்குப் போகவில்லை. போன் எடுத்த ஆபரேட்டர் ஐம்பத்தெட்டு வயது மனிதர், பதினெட்டு வருட அனுபவம். மூன்றையும் அவரே ரத்து செய்துவிட்டு, ஒன்றைத்தான் செய்தேன், மற்ற இரண்டும் இல்லவே இல்லை என்று சாதிக்கிறார் என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் நான். அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு நன்றிக் கடிதம் வந்தது. அதை ஃபிரேம் போட்டு மாட்டியும் வைத்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் இப்போது வேறொரு ஆள், அதே குற்றம், அதே மறுப்பு. பதிவேட்டில் அதே எண்: நாற்பது. அவர்கள் அகராதியில் நாற்பது என்றால் 'ஆபரேட்டர் ரத்து செய்தார்'. சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒரே மாதிரி பொய் சொல்வார்களா? காரில் வரும்போதே இந்தக் கேள்வி என்னைப் போட்டுக் குடைந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்றால் அந்த மனிதரும் சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் பொய் எழுதியது யார்?

என்னைப் பற்றி ஒரு வரி. கம்ப்யூட்டர் சிஸ்டங்களுக்குள் நடக்கும் கோளாறுகளைத் துப்பறிவது என் பிழைப்பு. எவ்வளவு பெரிய வழக்கானாலும் ஒரே பக்கத்தில் அறிக்கை கொடுத்துவிடுவேன் என்பதால் தொழிலில் எனக்கு 'ஒரு பக்க மேடம்' என்று பெயர். என் உதவியாளருக்குப் பெயர் ரேடியோ. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இருபது வருடம் மென்பொருளைச் சோதித்துச் சோதித்தே தலை நரைத்தவர். நிறுத்துகிற பட்டன் கிடையாது. என்னோடு சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பழைய வழக்கு அவருக்குத் தெரியாது.

"என்ன மேடம், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? இன்னும் காபி மெஷினையே பாக்கலையே நாம" என்றார் வெளியே வந்ததும்.

"வாங்கண்ணே, அந்தப் பொண்ணப் பாக்கலாம்" என்றேன்.

முதல் மாடியில் போன் அறை. பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு ஹெட்செட். கடைசி மேஜையில் அந்த ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள், எழுந்து போகவும் சொல்லவில்லை. மற்ற பதினொரு பேரும் அவள் பக்கம் திரும்பாமல் இருப்பதற்குப் படாத பாடு பட்டார்கள். அவள் முன்னால் பாதி எழுதிய மன்னிப்புக் கடிதம்.

"ரத்துன்னு நீங்க தட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம்." உடனே தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா மெஷின்ல அப்படித்தானே இருக்கு? தெரியாம கை பட்டிருக்குமோ என்னவோ. நேத்து பூரா என் விரலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"திரையில என்ன வந்துச்சு?"

"பச்சையா 'முடிந்தது'ன்னு வந்துச்சு. வண்டி கிளம்பிடுச்சுன்னு நோயாளியோட மகன்கிட்ட சொன்னேன். அதை நம்பி அவர் ஒன்றரை மணி நேரம் வாசல்லயே நின்னிருக்கார் மேடம். அப்பாவுக்கு உள்ள மூச்சு வாங்குது, இவர் வண்டி வருதான்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறார்." துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அது யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

ரேடியோ அவள் மேஜையிலிருந்து எதையோ எடுத்தார். உள்ளங்கை அளவு பச்சை ரப்பர் ஆமை. அமுக்கினால் கீச்சென்றது.

"இது யாரும்மா, உங்க சூப்பர்வைசரா?"

அவளுக்கு அழுகைக்கு நடுவிலும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டி சார். மாசா மாசம் எந்த டீம் கணக்குல தப்பு அதிகமா விழுதோ, அந்த டீம் மேஜைல ஆமை உக்காரும். மேல மூணு மாடியிலயும் இன்ஜினியர் டீம் இருக்கு. முன்னெல்லாம் அவங்களுக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. எட்டு மாசமா எங்ககிட்டயே இருக்கு."

"எட்டு மாசமாவா? மூணு மாடி இன்ஜினியருங்களும் ஒரே நாள்ல ஞானம் அடைஞ்சிட்டாங்களா?" என்றார் ரேடியோ.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பும் அந்த ஆமை இதே அறையில் இருந்தது. யாரோ குழந்தைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். துப்பறிகிறவளாம்.

"அண்ணே, சோதனை ஆர்டர் ஒண்ணு போட்டு அதை ரத்து பண்ணுங்க" என்றேன்.

ரேடியோ பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். ஆர்டர் போட்டார், ரத்து பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி எழும்பியது: 'காரணம் எழுதவும்'. அவர் 'சும்மா' என்று எழுதினார். பெட்டி சிவந்தது. 'பிடிக்கலை' என்றார். மறுபடியும் சிவப்பு.

"குறைஞ்சது பத்து எழுத்து வேணும் சார். எழுதாம அந்தப் பெட்டி போகாது" என்றாள் அவள்.

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு காரணம் கேக்க மாட்டா" என்று முனகிக்கொண்டே 'மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது' என்று தட்டினார். பெட்டி மனமிரங்கி மூடியது. பதிவேட்டைத் திறந்தோம். ரேடியோவின் வரி: நாற்பது, காரணம், மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அதற்கு மேலே நேற்று முன்தினம் காலை பதினொன்று பன்னிரண்டு, அந்தப் பெண்ணின் வரி: நாற்பது, காரணம் காலி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"மனுஷன் ரத்து பண்ணா காரணம் எழுதியே ஆகணும்" என்றார் ரேடியோ மெதுவாக. "காரணம் இல்லாத நாற்பது மனுஷன் கையால வரலை."

அந்தப் பெண் தன் விரல்களை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கே ஒரு ஆர்டர் மூன்று அடுக்கைத் தாண்டிப் போகும். ஆபரேட்டர் பார்க்கும் திரை ஒரு அடுக்கு. எந்த டெப்போவுக்கு, அதாவது எந்தச் சிலிண்டர் கிடங்குக்கு, அனுப்புவது என்று முடிவு செய்வது நடு அடுக்கு. டெப்போவில் இருக்கும் இயந்திரத்தோடு பேசுவது அடி அடுக்கு. ஏதாவது கோளாறு என்றால் அதற்கான எண் கீழே பிறந்து, ஒவ்வொரு அடுக்காக ஏறி, திரைக்கு வர வேண்டும். நாங்கள் அது பிறந்த இடத்திலிருந்து தொடங்கினோம். அடி அடுக்கு டீம் உட்கார்ந்திருந்தது நான்காவது மாடியில்.

"அடி அடுக்கு உச்சியில. கட்டடத்தையே தலைகீழா கட்டியிருக்காங்க" என்றார் ரேடியோ, மூச்சு வாங்கியபடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

நான்காவது மாடியின் தலைமைப் பொறியாளர் நல்ல மனிதர். கேட்டதும் டெப்போ இயந்திரத்தின் சொந்தப் பதிவை எடுத்துக் காட்டினார். பதினொன்று பன்னிரண்டுக்கு இயந்திரம் தெளிவாகச் சொல்லியிருந்தது: 2207, கேட்ட அளவு சிலிண்டர் கையிருப்பில் இல்லை.

"இதை ஏன் மேல அனுப்பலை?" என்று கேட்டேன்.

"இயந்திரத்துக்கு முன்னூறு எண் இருக்கு மேடம். அத்தனையும் அனுப்பினா யாருக்கும் புரியாது. சுலபமாக்கச் சொன்னாங்க, சுலபமாக்கினோம். முன்னூறையும் ஒண்ணாக்கி 'கோளாறு'ன்னு அனுப்பிக்கிட்டு இருந்தோம்." தயங்கினார். "அப்புறம் கோளாறு எல்லாம் எங்க கணக்குல ஏறி ஆமை எங்ககிட்டயே தங்கிடுச்சு. அதனால..."

"அதனால?"

"எதுவும் அனுப்பறதில்லை. பேசாம இருந்துடறோம்."

மூன்றாவது மாடியில் நடு அடுக்கு. அங்கே பொறுப்பிலிருந்த பெண்மணி முதலில் எகிறினார். "கீழேருந்து பதில் வரலைன்னா அது எங்க தப்பா? முப்பது வினாடி காத்திருப்போம். அதுக்கு மேல 'பதில் இல்லை'ன்னு போட்டா எங்க கணக்குல ஏறுது."

"அதுக்குப் பதிலா என்ன போடறீங்க?"

"முப்பது வினாடிக்கு மேல எந்த ஆபரேட்டரும் காத்திருக்க மாட்டாங்க. திரையை மூடிட்டு அடுத்த போனை எடுத்துருவாங்க. மூடிட்டாங்கன்னா ரத்து பண்ண மாதிரிதானே..." குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. அந்த வாக்கியத்தை அவர் இதுவரை யார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னதில்லை போலும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நாற்பது போடறோம்" என்றார்.

இரண்டாவது மாடி, திரை அடுக்கு. அங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாற்பது வந்தால் ஏன் பச்சையாகக் காட்டுகிறீர்கள்? அங்கிருந்தவர் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். ஆபரேட்டரே ரத்து செய்தால் அது ஆபரேட்டர் கணக்கில் போய்விடும், சிஸ்டத்தின் கோளாறு ஆகாதே, வேலை ஒழுங்காக முடிந்ததாகத்தானே அர்த்தம், அவர்களைச் சிவப்பு காட்டி எதற்குப் பயமுறுத்துவது?

ஆக, கீழே 'சிலிண்டர் இல்லை' என்று பிறந்த செய்தி, ஒரு மாடியில் ஊமையாகி, அடுத்த மாடியில் 'அவள் ரத்து செய்தாள்' என்றாகி, கடைசி மாடியில் பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று அவள் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு ரப்பர் பொம்மை தன் மேஜைக்கு வரக் கூடாது என்று ஆளுக்கு ஒரு வரி எழுதினார்கள். ஒரு டீம் எழுதியது அடுத்த டீமுக்குத் தெரியாது.

மூன்று டீமையும் படிக்கட்டிலேயே கூட்டினேன். "சுருக்குங்க, தப்பில்லை. ஆனா மாத்தாதீங்க. கீழே பிறந்த எண் திரை வரைக்கும் அப்படியே கூட வரணும். உங்களுக்குத் தோணறதைப் பக்கத்துல எழுதிக்கோங்க, அது மேல எழுதாதீங்க. திரையில மூணே வார்த்தை போதும். போச்சு, போகலை, தெரியலை."

"தெரியலையா? அப்படிப் போட்டா அசிங்கமா இருக்காதா மேடம்?" என்றார் நான்காவது மாடிக்காரர்.

"தெரியலைன்னு வந்திருந்தா அந்தப் பொண்ணு டெப்போவுக்கு ஒரு போன் பண்ணியிருப்பா" என்றார் ரேடியோ. "அசிங்கம் எது?"

நடு அடுக்குப் பெண்மணி, காரணம் காலியாக இருக்கும் நாற்பதுகளை எண்ணிச் சொல்கிறேன் என்று போனார். கால் மணியில் திரும்பி வந்தார். எட்டு மாதத்தில் அறுபத்தொன்று. பெரும்பாலான வீடுகளில் மறுபடி போன் செய்து சிலிண்டர் வாங்கியிருக்கிறார்கள். விவகாரம் ஆனவை மட்டும்தான் என்னிடம் வந்தன.

அவர்கள் கலைந்ததும் ரேடியோ என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "மேடம், போன தடவைன்னு மேலாளர் சொன்னாரே, அதுலயும் நாற்பதுதானா? அதுல காரணம் என்ன இருந்துச்சு?"

காலையிலிருந்து அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். மடிக்கணினியைத் திறந்து பழைய அறிக்கையை எடுத்தேன். அழகான ஒரே பக்கம். தேதி, நேரம், நோயாளி, டெப்போ, ஆபரேட்டர், எண் என்று அட்டவணையில் ஆறு பத்திகள். காரணம் என்ற பத்தியே இல்லை.

"அப்பாடா, அப்ப உங்களுக்கு அதைக் கொடுக்கவே இல்லை அவங்க" என்றார் ரேடியோ.

எனக்கும் ஒரு நொடி உயிர் வந்தது. கொடுக்காததற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த நிம்மதியோடு, அன்று நிறுவனம் அனுப்பிய மூலக் கோப்பையும் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

அதில் ஏழு பத்திகள் இருந்தன. ஏழாவது, காரணம். மூன்று வரிகளில் முதல் வரியில் 'உறவினர் வீட்டில் இருந்து சிலிண்டர் வாங்கிக்கொண்டார்கள்' என்று எழுதியிருந்தது. மற்ற இரண்டும் காலி.

அன்றைக்கு நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. ஏழு பத்தி வைத்தால் அட்டவணை தாளின் ஓரத்தைத் தாண்டி இரண்டாவது பக்கத்துக்கு வழிந்தது. எதை எடுக்கலாம் என்று பார்த்தேன். மூன்றில் இரண்டு வரி காலியாகக் கிடக்கும் பத்தி எதற்கு என்று நானே அதைத் தூக்கினேன். அவரைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை, தாளில் இடமில்லை என்று வெளியே தள்ளியிருக்கிறேன்.

அந்த மூன்று அடுக்குக்கு மேல் நான்காவதாக ஒரு அடுக்கு இருந்திருக்கிறது. அது நான். இதை ரேடியோவிடம் சொன்னேன். அவர் ஏதோ ஜோக்கடிக்க வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நாலரை மணிக்கு மேலாளர் அறைக்குப் போனேன். அந்தப் பெண் குற்றமற்றவள் என்பதை அவர் சீக்கிரமே ஏற்றுக்கொண்டார். கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அவளுக்கு ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் போனும் பேசினார். பிறகு என் அறிக்கையைப் புரட்டினார்.

"என்ன மேடம், ரெண்டு பக்கம் இருக்கு?"

"ரெண்டாவது பக்கம் என்னைப் பத்தினது. போன தடவை நான் கொடுத்த அறிக்கை தப்பு. அவரைத் திரும்பக் கூப்பிடணும்."

"அதை எதுக்கு இப்பக் கிளறணும்? அவரே ஒண்ணும் கேக்கலை. உங்க பேரும் கெடும்."

"கெடட்டும் சார்" என்றேன். வீரமாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது பக்கத்தைப் பிரித்துத் தனியாக வைக்கப் போனார். ரேடியோ குனிந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். ஒரு முறை அல்ல, நான்கு மூலையிலும்.

வேலையிழந்த அந்த ஆபரேட்டர் இப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கூண்டுக்குள்ளிருந்து எழுந்து நின்றார். "வாங்க மேடம்." அந்த மரியாதைக்கு நான் கூனிக் குறுகிப் போனேன். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது பத்தியையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதல் ஆர்டர் நான் ரத்து பண்ணினதுதான். மத்த ரெண்டும்..."

"நீங்க பண்ணலை."

"பண்ணலையா?" அவர் உட்கார்ந்துவிட்டார். "பண்ணிட்டேன்னு வீட்ல ஒத்துக்கிட்டேனே மேடம்."

எனக்குப் புரியவில்லை.

"உங்க ரிப்போர்ட்டை அன்னைக்கு என் கையில கொடுத்தாங்க. நாலு தடவை படிச்சேன். அவ்வளவு தெளிவா இருந்துச்சு. எனக்குத்தான் ஞாபகம் தப்புதுன்னு நினைச்சுட்டேன். மறதி வியாதியோன்னு டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன். இப்ப என் மனைவி என்னைத் தனியா அடுப்பு பத்த வைக்க விடறதில்லை. பேத்தியை என்கூட ரோடு தாண்ட விடறதில்லை." சீட்டுக் கட்டை நேராக அடுக்கினார். "அவ மேல தப்பில்லை. நான்தானே சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கை உயர்த்தி நிறுத்தினார்.

"என்கிட்ட வேண்டாம் மேடம். வீட்ல வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

ஆறு மணிக்கு அவர் வேலை முடிந்தது. மூன்று பேரும் காரில் போனோம். இரண்டாவது மாடி வீடு, வாசலில் நின்றால் கீழே ரோடு தெரியும். மணி அடித்ததும் அவர் மனைவி கதவைத் திறந்தார், பின்னால் ஆறு வயதுப் பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இவங்க?" என்று கணவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"இவர் மேல தப்பா ரிப்போர்ட் எழுதினது நான்தாம்மா" என்றேன். மீதியையும் வாசலில் நின்றே சொன்னேன். அந்த அம்மா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பண்ணாததை ஏங்க பண்ணினேன்னு சொன்னீங்க?" என்றார் கணவரிடம்.

"படிச்சவங்க எழுதியிருந்தாங்களே" என்றார் அவர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அது முழுப் பொய்யும் ஆகாது. "என் கையில இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துப் போட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக் கணவரின் கையில் வைத்தார். "எதிர்க் கடையில பால் வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார்.

தாத்தாவும் பேத்தியும் படியிறங்கிப் போனார்கள். கீழே ரோட்டோரத்தில் அவர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குறுக்கே நடந்தார். அந்த அம்மாவும் நானும் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே வாங்க என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.